எட்டு ஆறு நாற்பத்தெட்டு: ஒரு நன்றி மடல்

லேத் பட்டறை அண்ணாவுக்கும், மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணாவுக்கும், பக்கத்துத் தோட்டத்து அப்பாருவுக்கும், கொல்லுப்பட்டறைப் பெரியவருக்கும், பஞ்சர் கடைத் தம்பிக்கும், பழைய இரும்புக் கடை பாய்க்கும், எங்கள் காட்டில் களையெடுத்த அக்காமார் ஏழு பேருக்கும்,

வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் மஞ்சளின் கடைசி மூட்டையும் ஈரோட்டுக்கு வண்டி ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் முதலில் இந்த மடலைத்தான் எழுத நினைத்தேன். பேர் போட்டு எழுதட்டுமா என்று உங்களிடம் கேட்டேன். ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. "என்னத்தப் பெருசா செஞ்சுட்டோம், விடு கண்ணு" என்றீர்கள். சரி, பேர் வேண்டாம், தொழிலைச் சொல்லியே எழுதுகிறேன். செய்தது என்ன என்பதை மட்டும் விட மாட்டேன்.

போன வைகாசியில் விதைமஞ்சள் ஊன்றி எட்டாம் நாள் அப்பா மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்தேன். பிறகு திரும்பிப் போகவில்லை. காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் மஞ்சள், ஒரு கிணறு, ஒரு 5 எச்பி மோட்டார், அப்பாவின் சாமான் பெட்டி. இவ்வளவுதான் என் கையில் இருந்தது. 1283-ல் வெட்டி முடித்த வாய்க்கால் அது. அதன் தண்ணீரில் எத்தனையோ தலைமுறை மஞ்சள் விளைவித்திருக்கிறது. எனக்கோ மோட்டாருக்கு ஏர் எடுக்கக்கூட, அதாவது பைப்பில் அடைத்த காற்றை வெளியேற்றக்கூடத் தெரியாது.

சாமான் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே பிஸ்கட் டின்களில் பிரித்துப் போட்ட நட்டு போல்ட்டு, நிமிர்த்தி வைத்த பழைய ஆணி, கட்டுக்கம்பிச் சுருள், விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்த சைக்கிள் டியூப் நாடா, பாதி தீர்ந்த எம்சீல். பைப் எங்கே ஒழுகினாலும் அப்பா அந்த நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றுவார், ஒழுகல் நின்றுவிடும். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கட்டிலில் படுத்தபடி அவர் சொல்லச் சொல்ல நானும் சுற்றினேன். இரண்டாவது முயற்சியில் நின்றது.

ஆனிக் கடைசியில் கிணற்று மோட்டார் ஓடியது, தண்ணீர் மட்டும் வரவில்லை. "பைப்போட அடியில இருக்கிற புட்வால்வு தோல் போயிருக்கும், சாணியைக் கரைச்சு ஊத்திப் பாரு" என்றார் அப்பா. கெட்டியாகக் கரைத்து, டெலிவரி பைப் வழியாக ஊற்றி, மேலே தண்ணீர் நிரப்பிப் போட்டேன். சாணி போய் இடுக்கில் அடைத்துக்கொண்டது, தண்ணீர் வந்தது. மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் பஞ்சர் கடைத் தம்பி, நீ கடையைப் பூட்டிவிட்டு வந்தாய். பைப்பைக் கழற்றி மேலே ஏற்றி, நைந்த தோலை அளவு வைத்து, லாரி டியூபில் வட்டமாக வெட்டிப் போட்டாய். அந்த ரப்பர் இன்னும் அப்படியே இருக்கிறது, தம்பி. கிணற்றில் இறங்கியதற்குக் கூலி கேட்கவில்லை. உன் அம்மா வந்து, சாப்பிட்டாயா என்று என்னைத்தான் கேட்டார்.

மோட்டார் எரிந்தது ஆவணியில். ராத்திரி மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போனது தெரியாமல் ஓடவிட்டுவிட்டேன். மற்ற இரண்டு பேஸும் சுமையைத் தாங்காமல் சூடேறிக் காயில் கருகிவிட்டது. காயில் கட்டும் அண்ணா, உங்கள் கடையில் எனக்கு முன்னால் நாலு மோட்டார் காத்திருந்தன. மஞ்சளுக்கு அது மூன்றாம் மாதம் என்று மட்டும்தான் சொன்னேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இரவு கடைக்கு வந்தபோது அடித்த வார்னிஷ் காய மோட்டார் கூட்டுக்குள் 200 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, மேலே சாக்கு போர்த்தி, பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தீர்கள். விடியற்காலை நீங்களே வண்டியில் வைத்துக் கொண்டுவந்து மாட்டினீர்கள். பேஸ் போனால் தானே நின்றுவிடுகிற பிரிவென்டரையும் பொருத்தினீர்கள். அதோடு போகவில்லை. நல்ல மோட்டாரின் சத்தம் எப்படி, இரண்டு பேஸில் முனகுகிற சத்தம் எப்படி என்று என் காதுக்குப் பழகும்வரை நின்று சொல்லிக் கொடுத்தீர்கள்.

களைக்கு வருகிறேன். வாங்கி வைத்திருந்த பவர் வீடரின் கியர் முதல் களையிலேயே உடைந்துவிட்டது. உதிரிபாகம் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள் வாங்கிய இடத்தில். களை ஒரு மாதம் காத்திருக்காது. மாட்டுக் கொட்டகையில் அப்பாவின் பழைய சைக்கிள் கிடந்தது. அதில் பால் கேன் கட்டி அவர் சொசைட்டிக்குப் போனதை நான் பார்த்து வளர்ந்தவள். லேத் பட்டறை அண்ணா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை வெட்டினா களைவண்டி ஆகிடும், ஆனா நான் கேக்க மாட்டேன், நீயே அப்பாவக் கேளு" என்றார். கேட்டேன். "வெட்டு" என்றார் அப்பா. ஒரே வார்த்தை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முன் சக்கரமும் போர்க்கும் அப்படியே. பின்னால் இரண்டு பைப், ஒரு கைப்பிடி. நடுவில் அலகு. அந்த அலகை லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுத்தவர் கொல்லுப்பட்டறைப் பெரியவர். அலகின் சாய்வு கொஞ்சம் கூடினால் மண்ணுக்குள் குத்தி நின்றுவிடும், கொஞ்சம் குறைந்தால் மேலே வழுக்கிக்கொண்டு ஓடும். பெரியவர் மூன்று முறை காட்டுக்கே வந்து, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, மூன்று முறையும் திரும்பப் போய்க் காய்ச்சி அடித்தார். ஈரப்பதத்துக்குத் தக்கபடி சாய்வை மாற்றிக்கொள்ள நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தது அவர் யோசனை.

மீதி யோசனை அக்காமார் உடையது. முதல் நாள் வண்டியைத் தள்ளிப் பார்த்த மூத்த அக்கா சொன்னார்: "அம்மிணி, இது உன்ற உசரத்துக்குச் செஞ்சது. எங்களுக்கு நெஞ்சில வந்து இடிக்குது." கைப்பிடியை இறக்கி ஏற்றும்படி மாற்றினோம். அலகின் இரண்டு ஓரத்தையும் மேலே மடக்கச் சொன்னதும் அவரே. வரிசைக்கு வரிசை 45 செ.மீ.தான் இடைவெளி, நேர் ஓரமாக இருந்தால் பக்கத்துச் செடியின் வேரை அறுத்துவிடும். வண்டி வந்தால் கூலி போய்விடுமோ என்று அக்காமார் நினைப்பார்களோ என எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. அப்படி ஆகவில்லை. செடிக்குச் செடி நடுவில் இருக்கிற களையைக் கைக்கொத்துதான் எடுக்க முடியும். ஏழு பேரும் கடைசிவரை வந்தார்கள். குனிகிற வேலை பாதியானது, அவ்வளவுதான். நடுவில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அன்றைக்கு யாரும் சொல்லாமலே அவர்களே மண் அணைத்து முடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இனி மஞ்சளுக்குப் பாலீஷ் போடும் டிரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தை கடைசியில் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டு முடித்தபோது 2,800 கிலோ இருந்தது. விரலி மஞ்சளை ஒடித்தால் கணீரென்று சத்தம் வந்தது, காய்ந்த பதம் சரி. ஆனால் மேல்தோல் போகாமல் பழுப்பாக இருக்கும் மஞ்சளுக்கு விலை கிடையாது. பாலீஷ் போடும் வாடகை மெஷினுக்கு ஊரே வரிசையில் நின்றது. அப்பாவின் கை டிரம்மோ துருப்பிடித்து, நடுப் பைப் வளைந்து கிடந்தது. அது சரியாக இருந்தாலும் ஒரு நடைக்கு 40 கிலோ, முக்கால் மணி நேரம். 70 நடை யார் சுற்றுவது?

பாய், உங்கள் கடையில் பேரல் மலைபோல் கிடந்தது. நீங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தீர்கள். பளபளப்பாக இருந்த ஒன்றை நான் காட்டினேன். "அதுல மருந்து வந்துச்சும்மா, சாப்பாட்டுச் சாமானுக்கு ஆகாது" என்று உருட்டித் தள்ளிவிட்டீர்கள். கடலை எண்ணெய் வந்த பேரலைத் தேடி எடுத்து, எடைக்கு எடை இரும்பு விலைக்கே கொடுத்தீர்கள்.

லேத் பட்டறை அண்ணா அதன் உடம்பை வெட்டி எடுத்துக் கம்பி வலைத் தகடு சுற்றி, கதவு வைத்து, புதுப் பைப்பை நடுவில் ஓட்டினார். டிரம்மைச் சுற்றுவதற்கு எங்கள் வீட்டுப் பழைய கிரைண்டரின் அரை எச்பி மோட்டார். பெரிய புல்லிக்குக் காசு இல்லாததால் களைவண்டிக்கு வெட்டிய அதே சைக்கிளின் பின் சக்கர ரிம். மோட்டார் புல்லி 3 அங்குலம், ரிம் கிட்டத்தட்ட 24. முதல் ஓட்டத்தில் 10 கிலோ போட்டுச் சுற்றினோம். டிரம் பறந்தது. நிறுத்திப் பார்த்தால் ஒரு விரலிகூடத் தோல் உரியவில்லை. அண்ணா அன்றைக்குச் சாப்பிடாமல் போனார். இரவு 10 மணிக்குப் போன்: "கண்ணு, மோட்டார் நிமிசத்துக்கு 1440 சுத்து. எட்டுல ஒண்ணாக் குறைச்சா 180. அந்த வேகத்துல மஞ்சள் செவுரோட ஒட்டிக்கிட்டே சுத்துது, ஒண்ணோட ஒண்ணு உரசல. 30 சுத்துக்கு வரணும். இன்னொரு ரிம் போட்டு ஆறுல ஒண்ணாக் குறைக்கணும். எட்டு ஆறு நாப்பத்தெட்டு!" பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை மாதிரி அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டாவது ரிம் பஞ்சர் கடைத் தம்பி கொடுத்தது, சின்னப் பிள்ளைகள் சைக்கிளுடையது. பெல்ட் வழுக்காமல் இருக்க இரண்டு ரிம்மிலும் டியூப் ரப்பர் ஒட்டியதும் அவன்தான்.

பேரிங் போட வேண்டாம் என்று தடுத்தவர் பக்கத்துத் தோட்டத்து அப்பாரு. மஞ்சள் தூசி உள்ளே போனால் பேரிங் ஒரு வாரத்தில் அரைபடும் என்றார். தன் பழைய மாட்டுவண்டியில் மிச்சமிருந்த கருவேலங்கட்டையைச் செதுக்கி, துளைபோட்டு, விளக்கெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து எடுத்துவந்தார். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை செய்து, அச்சுக்கு எப்படித் தடவுவது என்று காட்டினார். மை மஞ்சளில் படாமல் இருக்க நடுவே தகரத் தட்டு வைக்கச் சொன்னார். 70 நடைக்குப் பிறகு அந்தக் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. 80 வயதைத் தாண்டிய அந்தக் கைகளின் வேலையை நான் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவு நேர்த்தி.

எல்லாம் முடிந்தபிறகும் அண்ணா டிரம்மைத் தரவில்லை. எண்ணெய் டின்னை வெட்டிப் பெல்ட்டுக்கு மூடி போட்டு, எர்த் கம்பி இழுத்து, சுவிட்சைக் கைக்கெட்டும் தூரத்துக்கு மாற்றிய பிறகுதான் தந்தார். "சேலைத் தலைப்பு ஒரு தடவை மாட்டுனா போச்சு" என்று கோபமாகவே சொன்னார். அந்தக் கோபத்துக்கும் சேர்த்து நன்றி, அண்ணா.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் முழு நடை. அப்பாவை நாற்காலியோடு தூக்கிக் களத்துக்குக் கொண்டுவந்தோம். கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுச் சுவிட்ச் போட்டேன். முதலில் தடதடவென்று இருந்த சத்தம், தோல் உதிர உதிரக் கலகலவென்று மாறியது. கீழே விரித்த படுதாவில் பழுப்புத் தூசி குவிந்தது. கதவைத் திறந்தபோது உள்ளே எல்லாம் மஞ்சள். அப்பா ஒரு விரலியை எடுத்துத் துண்டில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ரிம்மைக் காட்டி, "என் சைக்கிள் இன்னும் ஓடுது" என்றார்.

டிரம் இப்போது சும்மாதான் இருக்கிறது. பங்குனிக் கடைசிவரை யாருக்கு வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகலாம், வாடகை கிடையாது. பெல்ட் மூடியை மட்டும் கழற்றக்கூடாது. அளவு வேண்டும் என்கிறவர்களுக்கு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். கொல்லுப்பட்டறைப் பெரியவரே, களைவண்டி அலகு ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. சித்திரை பிறந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை துருத்தியை நான் இழுக்கிறேன், எப்படி அடிக்கிறீர்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
வாய்க்கால் கரை மஞ்சக்காட்டிலிருந்து
உங்கள் தங்கச்சி