காலாவதியான பரிசு: இளம் ஆய்வாளர் விருதுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விருதுக் குழுவினருக்கும், பரிசுக்குப் பொருளுதவி செய்யும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

மூலக்கூறு உயிரியலில் இளம் ஆய்வாளர்களுக்கென நீங்கள் வழங்கும் விருதைச் சென்ற முறை பெற்றவர்களில் நானும் ஒருத்தி. சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. பதக்கமும் இருக்கிறது. பரிசுத் தொகைதான் இல்லை. கணக்கில் எஞ்சியிருந்தது காலாவதியாகிவிட்டதாகப் போன வாரம் உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதே மின்னஞ்சலின் அடியில், இவ்வாண்டுக்கான விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன, தகுதியுள்ள நண்பர்களுக்குத் தெரிவித்து உதவுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நண்பர்களுக்குத் தெரிவிக்கும் முன் உங்களுக்குச் சில விஷயங்களைத் தெரிவிப்பதுதான் முறை.

விதிகளை எழுதியவர்கள் நீங்கள். அவற்றை நான் விளக்க வேண்டியதில்லை. பரிசு பணமாக வருவதில்லை, பொருளுதவி செய்யும் நிறுவனம் விற்கும் ஆய்வகப் பொருள்களின் பட்டியலிலிருந்து வாங்கிக்கொள்ளும் வரவாக வருகிறது. பட்டியலுக்கு வெளியே ஒரு பிரைமர், அதாவது ஒரு குட்டை டி.என்.ஏ. இழைகூட வாங்க முடியாது. ஓராண்டுக்குள் செலவழித்தாக வேண்டும். இடையில் வேறு ஆய்வகத்துக்கு மாறினால் கணக்கு நம்மோடு வராது. ஒப்பந்த வேலையில் ஆய்வகம் விட்டு ஆய்வகம் போய்க்கொண்டே இருப்பவர்களுக்கென்று ஏற்படுத்திய விருதில் இப்படி ஒரு விதி இருப்பதை யாரும் கவனிக்கவில்லையா, கவனித்துத்தான் வைத்தார்களா என்று எனக்குப் புரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பரிசை ஆய்வுப் பணமாகக் கொடுங்கள். எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, எப்போது வாங்குவது என்பதை ஆய்வு செய்கிறவர் முடிவு செய்யட்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் வேலை ஒரு புரதத்தில் ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்ப்பது. சுமார் 300 இடங்கள். இடத்துக்கு மற்ற 19 அமினோ அமிலங்கள், அதாவது 19 மாற்றங்கள். ஆக 5,700 மாற்றுருக்கள். அத்தனையும் ஒரே தொகுப்பாக ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் போக வேண்டும். எதுவும் விட்டுப்போகாமல் இருக்க ஒவ்வொன்றும் பத்து முறையாவது வர வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் 57,000 காலனிகள், அதாவது ஒவ்வொரு செல்லும் பெருகி உண்டாக்கும் புள்ளிகள், தேவை. ஒரே ஒரு பிளாஸ்மிடை, அதாவது ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தை, உள்ளே அனுப்பும் வேலை என்றால் கால்சியம் குளோரைடில் ஊறவைத்து நாங்களே தயாரிக்கும் செல்கள் போதும். 1970-களிலிருந்து ஆய்வகங்களில் நடப்பதுதான். இந்த அளவு வேலைக்கு அது தாங்காது. மின்துடிப்புக் கொடுத்து டி.என்.ஏ.வை ஏற்கவைக்கும் உயர்திறன் செல்கள் வேண்டும். அவை உங்கள் பட்டியலில் இருந்தன. விலையும் அதிகம். பரிசுக் கணக்கின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தேன். விருதுக்கு விண்ணப்பித்தபோதே அதைத்தான் எழுதியிருந்தேன்.

பெட்டி வந்தது. அந்தச் செல்கள் கடைசிவரை மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டியவை. அதற்காகப் பெட்டியில் போடும் உலர்பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, உருகி நீராவதில்லை, நேரே வாயுவாகிப் போய்விடும். எனவே திறக்கும்போது பெட்டிக்குள் ஈரம்கூட இல்லை. காய்ந்த தெர்மோகோல் பெட்டி, அதன் நடுவே ஒரு சிறு உறை. குழாயைச் சாய்த்தேன், உள்ளே இருந்தது ஓடியது. வழியில் எங்கோ உருகியிருக்கிறது. இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் புகார் சொல்லக்கூடாது என்று, செல்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க நிறுவனமே கூட வைத்து அனுப்பும் கட்டுப்பாட்டு பிளாஸ்மிடைப் போட்டுப் பார்த்தேன். இடமே தெரியாமல் காலனிகள் மொய்த்திருக்க வேண்டிய தட்டில் விரல்விட்டு எண்ணும்படி சில புள்ளிகள். தட்டைப் படமெடுத்து, பெட்டியையும் படமெடுத்து அனுப்பினேன்.

விருதுக் கணக்கின் மூலம் வழங்கப்படும் பொருள்களுக்கு மாற்றுப் பொருளோ வரவைத் திருப்பித் தருவதோ கிடையாது என்று பதில் வந்தது. பதிலின் தொனியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிகவும் பண்பாக எழுதியிருந்தார்கள். பணம் கொடுத்து வாங்கியவருக்கு உருகிய செல்கள் போனால் மறுபேச்சில்லாமல் வேறு அனுப்பியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

எஞ்சிய வரவில் மீண்டும் சிறிய அளவில் அதே செல்களுக்கு ஆர்டர் கொடுத்தேன். இருப்பில் இல்லை என்றார்கள். காத்திருந்தேன். ஆர்டர் கொடுத்த நாள் கணக்கில்லை, பொருளை அனுப்பும் நாள்தான் கணக்கு என்று பிற்பாடு தெரிந்தது. நிறுவனத்திடம் பொருள் இல்லாத காரணத்தால் என் கெடு முடிந்தது. என் கெடு முடிந்த காரணத்தால் நிறுவனம் பொருளைத் தர வேண்டியதில்லை. எங்கள் துறையில் நேர்த்தியான சுழற்சிகள் பல உண்டு, இதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். அதே திறனுள்ள செல்கள் வேறொரு தயாரிப்பாளரிடம் அந்த வாரமே கிடைத்தன. வாங்கத்தான் வழியில்லை.

இப்போது அடுத்த ஆய்வகத்து மூத்த பேராசிரியர் தம் ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கொடுத்த குழாய்களில்தான் உங்கள் விருது பெற்ற ஆய்வு நடக்கிறது. அவரிடம் இருப்பு எப்போதும் இருக்கும். ஒரு பெட்டி கெட்டால் இன்னொன்றை எடுத்துக்கொள்வார். புதிதாக வருகிறவரிடம் இருப்பதே ஒரு பெட்டிதான். அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான் இப்படி ஒரு விருதையே வைத்திருக்கிறீர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கெடு நெருங்கும்போது உங்களிடமிருந்து வரும் நினைவூட்டல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னென்ன வாங்கலாம் என்று அவற்றில் பரிந்துரைகள் இருக்கும். ஒரு கிட்டைப் பரிந்துரைத்தீர்கள். அதன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தின் சொந்தக் கருவியில் மட்டும்தான் பொருந்தும். கருவி பரிசில் சேர்த்தியில்லை. எனக்கு முன்பு இதே விருதைப் பெற்ற ஒருவர், வீணாகப் போகிறதே என்று கடைசி நாளில் கையில் கிடைத்த, டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளையெல்லாம் வாங்கிக் குவித்தார். கிளிசராலில் இருப்பதால் மைனஸ் 20 டிகிரியிலும் உறையாமல், அவருடைய ஆய்வுக்கு எந்த வகையிலும் பயன்படாமல், ஃப்ரீசரின் மேல்தட்டில் அவை இன்னமும் இருக்கின்றன. இதைத்தான் உங்கள் ஆண்டறிக்கை இளம் ஆய்வாளர்களுக்குச் சென்றுசேர்ந்த உதவி என்று கணக்குக் காட்டுகிறது.

ஆய்வு என்பது பட்டியலைப் பார்த்து முன்கூட்டி எழுதி வைத்துச் செய்யும் காரியம் அன்று. இதை உங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் சொல்கிறேன். குரோமோசோம் முனைகளான டெலோமியர்களை நீட்டும் டெலோமரேஸ் நொதியின் அடையாளத்தைக் கரோல் கிரைடர் முதன்முதலில் ஜெல் படத்தில் கண்டது 1984 டிசம்பர் 25 அன்று. அப்போது அவர் எலிசபெத் பிளாக்பர்னிடம் முனைவர் பட்ட மாணவி, வயது 23. முதலில் நீளமான டி.என்.ஏ. துண்டுகளை வைத்து முயன்றார்கள். தெளிவாக எதுவும் தெரியவில்லை. பிறகு, செயற்கையாகத் தயாரித்த குட்டையான டெலோமியர் இழைக்கு மாறினார்கள். அதற்குப் பிறகுதான் ஆறாறு எழுத்து இடைவெளியில் ஏணிப்படி போன்ற பட்டைகள் தெரிந்தன. 2009-இல் அதற்கு நோபல் பரிசு. நடுவழியில் பொருளை மாற்ற முடிந்ததுதான் அங்கே எல்லாம். அந்த இழை எங்கள் பட்டியலில் இல்லை, தேர்ந்தெடுத்ததை மாற்ற அனுமதியில்லை என்று அவருக்கு யாராவது மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லவேளை, மின்னஞ்சல் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லாத காலம்.

கருவியையும் விருதையும் பற்றிப் பேச வந்த இடத்தில் இன்னொருவரை விட்டுவிட முடியாது. ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்துக்கான மரபணுவைப் பிரித்தெடுத்து 1992-இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிரேஷர். அவருடைய ஆய்வுக்கு நிதி தொடரவில்லை. கையிலிருந்த மரபணுவைப் பூட்டி வைக்காமல் மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் அனுப்பிக் கொடுத்தார். இன்று உயிருள்ள செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே போகிறது என்று பார்க்க விரும்பும் பலரும், அந்தப் புரதத்தோடு ஒட்டி ஒளிரவைக்கும் இந்தக் கருவியின் வாரிசுகளில் ஒன்றைத்தான் கையிலெடுக்கிறார்கள். 2008-இல் சால்ஃபி, சியன், ஒசாமு ஷிமோமுரா மூவருக்கும் வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டபோது பிரேஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் வாடிக்கையாளர் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு பெற்றவர்கள் அவரை மறக்கவில்லை, ஸ்டாக்ஹோமுக்குத் தங்கள் செலவில் அழைத்துப் போனார்கள். நிதிக்குழுக்கள்தான் உரிய நேரத்தில் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கருவி செய்கிறவர்களை உங்கள் விருதும் கண்டுகொண்டதில்லை. விண்ணப்பத்தில், நான் உருவாக்கிப் பிற ஆய்வகங்களுக்கு இலவசமாகக் கொடுத்த பிளாஸ்மிடுகளை எழுத ஒரு வரிகூட இடமில்லை. ஆய்வுக் கட்டுரை வந்த இதழின் தாக்கக் குறியீட்டை, அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, எழுத மட்டும் கட்டம் போட்டு வைத்திருக்கிறீர்கள். இதழின் குறியீட்டை வைத்து ஆளை எடைபோடக்கூடாது என்று சொல்லும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-இல் உருவானது. விருதை வழங்கும் உங்கள் சங்கம் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. படிவத்தைத் தயாரித்தவருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் என்ற வரம்பும் அப்படித்தான். ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் தொடக்கநிலை நிதியில், தாய்மார்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதம் என்று வரம்பைத் தளர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கடிகாரம் பிரசவத்துக்கும் நிற்காது, நோய்க்கும் நிற்காது. இதைப் பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது. வேறொருவர் எழுதட்டும், எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேட்க வந்ததற்கே திரும்புகிறேன். கோபம் சற்று மேலோங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. தெரிவுக்குழுவில் ஊதியமில்லாமல் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிக்கும் மூத்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. நிறுவனம் விளம்பரம் தேடுவதிலும் தவறில்லை. மேடையில் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், பதக்கத்தின் பின்புறத்திலும் பொறித்துக்கொள்ளுங்கள். புது வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கு மாதிரிப் பொருள் கொடுக்கும் பழைய வழக்கம் இருக்கவே இருக்கிறது, அதையும் தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு மட்டும் விருது என்று பெயர் வைக்காதீர்கள்.

பரிசைப் பணமாக, ஆய்வாளர் பணிபுரியும் நிறுவனத்தின் ஆய்வுக் கணக்குக்கு அனுப்புங்கள். அவர் இடம் மாறினால் பணமும் கூடப் போகட்டும். கணக்கு வழக்கு வேண்டும் என்றால் வாங்குங்கள், ரசீதோடு தருகிறோம். ஒருவருக்கு உயர்திறன் செல்கள் தேவைப்படும், இன்னொருவருக்கு டி.என்.ஏ. வரிசைமுறை படிக்கும் செலவே தலைக்கு மேல் இருக்கும், மூன்றாமவர் 2004 முதல் லாப நோக்கமின்றி இயங்கிவரும் ஆட்ஜீன் களஞ்சியத்திலிருந்து பத்து பிளாஸ்மிடுகளை வரவழைத்தாலே அவருடைய ஓராண்டு வேலை மிச்சமாகும். இது எதுவும் உங்கள் பட்டியலைக் கட்டிக்கொண்டு அழுவதால் நடக்காது.

உடனடியாகப் பணமாக மாற்றுவதில் சட்டச் சிக்கல் ஏதேனும் இருந்தால், அதுவரைக்குமாவது இரண்டு வரிகளை விதியிலிருந்து எடுத்துவிடுங்கள்: ஓராண்டுக் கெடு, சேதமான பொருளுக்கு மாற்றில்லை என்பது. இரண்டுக்கும் உங்களுக்குச் செலவு என்று பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

இவ்வாண்டு விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கிவிட்டீர்கள். தெரிவானவர்களை அறிவிக்கும் முன் விதிகளைத் திருத்த அவகாசம் இருக்கிறது. உங்கள் முடிவை எனக்குத் தனியே எழுத வேண்டாம். விண்ணப்பிக்கிறவர்கள் கண்ணில் படும்படி அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். அதைப் பார்த்ததும், நீங்கள் கேட்டுக்கொண்டபடி நண்பர்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

பணிவுடன்,
சென்ற ஆண்டு உங்கள் விருதைப் பெற்ற ஆய்வாளர்