தெரிந்ததற்குத் தேர்வு, தெரியாததற்குச் சலுகை: பயிற்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சிக் குழுவினருக்கு,

வணக்கம். கயிறுகளில் தொங்கிப் பறக்கும் துணி இறக்கையான பாராகிளைடரின் பைலட்டுகள், குழாய்ச் சட்டத்தில் பாய் விரித்த ஹேங் கிளைடருக்கு மாறுவதை ஊக்குவிப்பதாகச் சொல்லி நீங்கள் அண்மையில் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். அதில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. வானிலை, வான்வெளி விதிகள் ஆகிய எழுத்துத் தேர்வுகளை, பாராகிளைடர்காரர்களான நாங்கள் முதலிலிருந்து மறுபடியும் எழுத வேண்டும். ஆனால் "முன் அனுபவம் கருதி" தாழ்வான பயிற்சிச் சரிவில் பழகுவது எங்களுக்குக் கட்டாயமில்லை. பயிற்றுநர் தலையசைத்தால் நேரே மலையுச்சியிலிருந்தே கிளம்பலாம்.

பின்னணியை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகை காகிதத்தில் ஏறுவதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது. அப்படிக் கிளம்பிய நம் உறுப்பினர் ஒருவர் மேல்கை எலும்பு முறிந்து, இன்னும் சட்டைக்குள் கையை நுழைக்கப் பிறர் உதவியைத் தேடுகிறார். உங்கள் விபத்துப் பதிவேட்டில் அது "பைலட்டின் தவறு" என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிட்டது. யார் அந்தத் தவறைச் செய்ய அவருக்கு வசதி செய்து கொடுத்தார்கள் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை போலும்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாராகிளைடரிலிருந்து ஹேங் கிளைடருக்கு வருபவர்களுக்கென்று தனியாக ஒரு மாற்றுப் பயிற்சி வையுங்கள். எங்களுக்குத் தெரிந்ததில் விலக்குக் கொடுங்கள். தெரியாததைச் சரிவிலேயே சொல்லிக்கொடுங்கள்.

தெரியாதது என்ன? எங்கள் கைகள்தான் முதல் சிக்கல். பாராகிளைடரில் வேகம் குறைய வேண்டுமென்றால் பிரேக் கயிறுகளைக் கீழே இழுப்போம். ஹேங் கிளைடரில் பேஸ் பார் என்ற கிடைக்குழாயைப் பிடித்திருப்போம். அந்தப் பாரை நம் பக்கம் இழுத்தால் உடம்பு முன்னே போகும், மூக்கு தாழும், வேகம் கூடும். குறைய வேண்டுமென்றால் தள்ள வேண்டும். வலப்பக்கம் திரும்பப் பாராகிளைடரில் வலது பிரேக்கை இழுத்து வலப்பக்கம் சாய்ந்தால் போதும். இங்கேயோ இடுப்பிலிருந்து கால்வரை மொத்த உடம்பும் வலப்பக்கம் நகர வேண்டும். அப்போது பார் இடப்பக்கம் போகும். புதிதாக வருகிற எங்களில் பலர் தோளை மட்டும் முறுக்கிவிட்டு இடுப்பை நடுவிலேயே தொங்கவிடுகிறோம். கிளைடர் அசைவதில்லை. இன்னும் முறுக்குகிறோம். அது தாமதமாகத் திரும்பத் தொடங்கும்போது பதறிப்போய் எதிர்ப்பக்கம் அளவுக்கு மீறி இழுக்கிறோம். அப்புறம் இடதும் வலதுமாக ஆடிக்கொண்டேதான் தரைக்கு வருகிறோம். இதையெல்லாம் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம், தலையும் ஆட்டிவிடுவோம். கை பழகுவதற்குச் சரிவு வேண்டும்.

தரையிறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். எலும்பு முறிவது அங்கேதான்.

பிரேக்கைத் தொடாமல் விட்டால் பாராகிளைடர் ஏறத்தாழ மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும். தரை நெருங்க நெருங்க எங்களுக்கு மெதுவாகப் போவதுதான் பழக்கம். ஹேங் கிளைடரில் அந்தப் பழக்கமே எமன். தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிட வலுக் குறைந்தது. அதற்குள் இறங்கும்போது இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம் திடீரென்று விழும். கையில் மிச்ச வேகம் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து விழும். அது மட்டுமல்ல, உடம்பை நகர்த்தித் திருப்பும் கிளைடர் வேகமாகப் போகும்போதுதான் சொன்னபடி கேட்கும். மெதுவாகப் போனால் ஒரு பக்க இறக்கை தாழ்ந்தாலும் நிமிர்த்த முடியாது. ஆகவே மரத்தின் உயரத்தில், தரை விரைந்து வரும் அந்தக் கணத்தில், பாரை இன்னும் இழுத்து வேகத்தைக் கூட்டிப் பிடிக்க வேண்டும். பல வருடம் பாராகிளைடர் பறந்த ஒருவரின் உடம்பில் உள்ள ஒவ்வொரு நரம்பும் அப்போது தள்ளு, தள்ளு என்றுதான் கத்தும்.

அதைத் தாண்டினாலும் முடியவில்லை. தரையை ஒட்டியதும் இந்த இறக்கை இறங்க மறுத்து வழுக்கிக்கொண்டே போகும். திடல் தீர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் கைகள் பேஸ் பாரை விட்டுப் அதன் இரு முனையிலிருந்தும் மேலெழும் பக்கக் குழாய்களுக்கு மாற வேண்டும், குப்புறத் தொங்கும் உடம்பு நிமிர வேண்டும், வேகம் கரையும்வரை காத்திருந்து சரியான நொடியில் இரண்டு கைகளையும் முழுவதுமாக மேலே தள்ளி, மூக்கை உயர்த்திக் கிளைடரை நிறுத்தும் ஃபிளேர் செய்ய வேண்டும். முந்தினால் கிளைடர் எகிறி மேலே போய், அங்கிருந்து விழும். பிந்தினால் மூக்கு மண்ணில் குத்தும். குத்தும்போது பைலட் முன்னே வீசப்படுகிறார். குழாயை இறுகப் பிடித்த கை மட்டும் பின்தங்குகிறது. மேல்கை எலும்பு முறுக்கி உடைவது அப்படித்தான். நம் உறுப்பினருக்கும் அதுதான் நடந்தது. எங்களுக்குத் தெரிந்த ஃபிளேர் கைகளைக் கீழே கொண்டுபோவது. இவர் முதல்முறையாகக் கைகளை மேலே தள்ளவேண்டி வந்தது ஒரு மலையிலிருந்து இறங்கி வந்தபிறகு.

தாழ்வான சரிவில் இதே பாடத்தை ஆள் உயரத்தில் படிக்கலாம். மெதுவாகப் பறக்கிற, பிழை பொறுக்கிற, பாய் ஒரே அடுக்காக உள்ள சிங்கிள் சர்ஃபேஸ் கிளைடர் ஒன்றும், பேஸ் பாரின் இரு முனையிலும் இரண்டு சக்கரங்களும் போதும். ஃபிளேர் சரியாக வராது என்று தோன்றினால் கையை மாற்றாமலே வயிற்றுவாக்கில் உருண்டு வந்து நின்றுவிடலாம். சட்டை அழுக்காகும், அவ்வளவுதான். நம்மிடம் அப்படிப்பட்ட கிளைடர்கள் இல்லாமல் இல்லை. கொட்டகையில் பாய் கிழிந்து, கம்பி துருப்பிடித்துக் கிடக்கின்றன. சக்கரங்களைக் கழற்றி யாரோ தள்ளுவண்டிக்கு மாட்டிவிட்டார்கள். அந்த வண்டி நன்றாக ஓடுகிறது, அதைக் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. பாராகிளைடரில் கயிறுகளின் முனையை, பைலட் உடுத்தும் வார்ப்பட்டையான ஹார்னெஸில் மாட்டாமல் இறக்கையைத் தலைக்குமேல் எழுப்பிக் கிளம்பவே முடியாது. ஹேங் கிளைடரில் ஹார்னெஸை உடுத்தி, கிளைடரைத் தோளில் தூக்கி, இரண்டையும் இணைக்கும் கராபினர் என்ற கொக்கியை மாட்டாமலே ஓடிவிட முடியும். பாரைக் கையால் பற்றித் தொங்கியபடி மலையை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். ஓடுவதற்குமுன் தொங்கிப் பார்க்கும் சோதனை எங்களுக்கு ரத்தத்தில் ஊறவேண்டிய வழக்கம். உங்கள் சலுகைப் பட்டியலில் அது எந்தப் பத்தியிலும் இல்லை.

சரி, தெரிந்ததற்கு வருகிறேன். சூடாகி மேலெழும் காற்றான தெர்மலின் நடுவைத் தேடி வட்டமடிக்க எங்களுக்குத் தெரியும். பஞ்சுப்பொதி போன்ற குமுலஸ் மேகம் எப்போது நல்லது, எப்போது கிளம்பாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரியும். மலை முகட்டில் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும் என்று தெரியும். நீங்கள் நடத்துகிற வானிலைத் தேர்விலேயே தேறி, நீங்கள் கையெழுத்திட்ட உரிமத்தைத்தான் வைத்திருக்கிறோம். காற்று இறக்கைக்குத் தகுந்தாற்போல் விதியை மாற்றிக்கொள்கிறதா? அப்படியானால் அந்தப் பாடத்தையாவது புதிதாக வைத்திருக்கலாம். வினாத்தாள் அதே வினாத்தாள்தான்.

உலக அளவில் ஒப்புக்கொள்ளப்படும், பைலட்டின் தகுதியைச் சொல்லும் ஐபிபிஐ அட்டையே ஹேங் கிளைடருக்கும் பாராகிளைடருக்கும் தனித்தனியாக ஐந்து நிலைகளைக் காட்டுகிறது. ஒன்றில் மேல்நிலையில் இருப்பவர் மற்றொன்றிலும் அப்படியே இருப்பார் என்று அது எங்கும் சொல்லவில்லை. 1970-களில் ஹேங் கிளைடிங் பரவியபோது தாமே செய்து, தாமே கற்றுக்கொண்டு கிளம்பிப் பலர் இறந்தார்கள். பயிற்சி முறை, படிநிலை, பயிற்றுநர் சான்று எல்லாம் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் ஒழுங்குக்கு வந்தன. உங்கள் குழு போன்ற குழுக்கள் இருப்பதற்கே அதுதான் காரணம். அந்தக் காரணத்தை ஒரு சுற்றறிக்கையால் விலக்கிவிட முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆண்டு விழாதோறும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறோம். ஹேங் கிளைடிங் நரைத்துப் போகிறது, இளைஞர்கள் வருவதில்லை, எல்லாரும் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு சோம்பேறியாகிவிட்டார்கள். மூட்டை என்றால் நாங்கள். கைதட்டலும் விழுகிறது. இறக்கையைப் பையில் மடித்து வைக்கிற வசதியை விட்டுவிட்டு, 30 கிலோ கம்பியையும் பாயையும் வண்டிக்கூரையில் கட்டிக்கொண்டு வர ஆசைப்பட்டு உங்கள் வாசலில் நிற்பவர்களும் அதே மூட்டைக்காரர்கள்தான். கற்றுக்கொடுக்க ஆளில்லை என்கிறீர்கள். கோப்பை வாங்க, மேடையில் நிற்க, எங்களைக் கிண்டலடிக்க மட்டும் ஆள் குறைவதே இல்லை. மூத்த பைலட்டுகளில் இரண்டு பேர் வாரக்கடைசியில் ஒரு காலைப்பொழுதைச் சரிவில் செலவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துபோகும்.

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது இதுதான். அடுத்த குழுக் கூட்டத்தில் அந்தச் சுற்றறிக்கையை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். எங்களுக்கென ஒரு மாற்றுப் பயிற்சியை வகுத்துத் தாருங்கள். வானிலை, வான்வெளித் தேர்வுகளில் விலக்கு. பயிற்சிச் சரிவு கட்டாயம். ஓட்டம், திருப்பம், வேகம் பிடித்த இறக்கம், ஃபிளேர், கராபினர் சோதனை இவை பயிற்றுநரின் கண்ணெதிரே திரும்பத் திரும்பச் சரியாக வந்தபிறகே மலைக்கு அனுமதி. எத்தனை முறை என்பதைப் பயிற்றுநர் முடிவு செய்யட்டும், எங்கள் பழைய பறப்புக் குறிப்பேடு முடிவு செய்ய வேண்டாம். கொட்டகையில் கிடக்கும் கிளைடர்களில் ஒன்றையாவது பழுது பார்த்துச் சக்கரம் மாட்டுங்கள். பாய் தைக்க, கம்பி மாற்ற எங்களில் பலர் தயாராக இருக்கிறோம். சாவியைக் கொடுத்தால் போதும். இறுதிச் சரிபார்ப்பை மட்டும் உங்கள் ஆள் செய்யட்டும்.

அந்த விபத்துப் பதிவையும் ஒருமுறை திறந்து பார்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். "பைலட்டின் தவறு" என்பதற்குக் கீழே, அவர் பயிற்சிச் சரிவில் ஒருமுறைகூடப் பறக்கவில்லை என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். அவரிடமும் நேரில் ஒரு வார்த்தை கேளுங்கள். கை சரியானதும் மறுபடி ஹேங் கிளைடர் கற்க வருவேன் என்கிறார்.

நன்றியுடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்