அந்தப் பத்து எட்டு

அன்புள்ள ஆந்தைக்கு,

நாலு மாதமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று எழுதினால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றுதானே நினைப்பாய், சரியாகத்தான் நினைக்கிறாய். ஒரு விஷயத்தில் உன் தீர்ப்பு வேண்டும். நம் படக் குழுவில் யாரிடமும் கேட்க வழியில்லை. லென்ஸ் மாமாவிடம் கேட்க முடியாது, கேள்வியை முடிப்பதற்குள் என் லென்ஸைத் திட்டத் தொடங்கிவிடுவார். கணக்குப்பிள்ளையிடம் சொன்னால் மறுநாளே எல்லோரும் வந்து என்னிடம் துக்கம் விசாரிப்பார்கள். இங்கே எல்லோரும் நலம், எனக்குச் சளி தவிர வேறு குறையில்லை. உன் முழங்கால் எப்படி? படி ஏறுகிறாயா, இல்லை இன்னும் கீழே நின்றே குரல் கொடுக்கிறாயா?

முயல் கிடைத்துவிட்டதடா.

ஆமாம், அந்த வெள்ளை முயல்தான். மூன்று குளிர்காலம் அதன் பின்னால் அலைந்து, காலடித் தடத்தையும் புழுக்கையையும் மட்டும் விதவிதமாகப் படம் எடுத்து வந்து, உன்னிடம் 'புழுக்கைக் கலைஞர்' என்று பட்டம் வாங்கினேனே, அதே முயல். இரவு முழுக்கப் பனி கொட்டி விடியற்காலையில் நின்றிருந்தது. புதுப்பனி என்றால் பழைய தடம் எல்லாம் அழிந்து, தெரிகிற தடம் ஒவ்வொன்றும் சில மணி நேரத்துக்குள் பதிந்தது என்று அர்த்தம், அதை விட மனம் வருமா? பின்னங்கால் இரண்டும் முன்னால் பெரிதாக, முன்னங்கால் இரண்டும் அதற்குப் பின்னால் சின்னதாக, அந்தத் தலைகீழ்த் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் தடம் சட்டென்று நின்றுபோனது. முன்பாக இருந்தால் பேய் பிசாசு என்று திரும்பியிருப்பேன். இப்போது தெரியும், முயல் படுக்கப் போவதற்கு முன் வந்த வழியிலேயே கொஞ்ச தூரம் திரும்பி நடந்து, பக்கவாட்டில் ஒரே தாவாகத் தாவிவிடும், மோப்பம் பிடித்து வருகிறவனை ஏமாற்ற. அதனால் நானும் இருபது எட்டு எடுத்து வைத்துப் பின்னால் வந்து பக்கத்துப் புதரைப் பார்த்தேன். பனியில் இரண்டு கறுப்புப் புள்ளி. காது நுனி. அதற்குக் கீழே ஒரு கண்.

என் நெஞ்சு அடித்த அடியில் டிரைபாட் ஆடியது என்றால் நம்பமாட்டாய்.

இந்த முறை எதிலும் கோட்டை விடக் கூடாது என்று இருந்தேன். நம் முதல் வருடப் படங்கள் நினைவிருக்கிறதா, அத்தனையும் சாம்பல் மேடு. பனிக்காட்டுக்குப் போனீர்களா, செங்கல் சூளைக்கா என்று மாமா கேட்டாரே. கேமராவில் ஒளியை அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும் என்பது அப்போது நம் இருவருக்கும் தெரியாது, வெள்ளையை அது இருட்டடிக்க இருட்டடிக்க நாம் கேமராவை மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். இப்போது மீட்டர் சொல்வதைவிட ஒளியை ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைத்து (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு), தொலைவிலேயே ஒரு படம் எடுத்து, வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை நெருங்கியும் முட்டாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மாற்று பேட்டரி இரண்டும் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி. குளிரில் பேட்டரி செத்துவிட்டது என்று போன வருடம் ஒன்றைத் தூக்கிப் போட்டேனே, அது சாகவே இல்லையாம், உள்ளே நடக்கும் ரசாயன வேலை குளிரில் மந்தமாகிவிடுகிறது, அவ்வளவுதான். சூடு பட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. உன்னை மாதிரி.

வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளிர்காலத்தில் சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை, நாள் முழுக்கச் சாய்வாகத்தான் அடிக்கிறது, மற்ற மாதங்களில் காலையில் அரைமணி நேரம் கிடைக்கிற வெளிச்சம் இங்கே மணிக்கணக்கில் இருக்கும். பனிமேட்டின் வெயில் பட்ட பக்கம் வெண்ணெய் நிறம், நிழல் விழுந்த பக்கம் நீலம். அந்த நீலத்தைச் சரிசெய்கிறேன் என்று நிறச்சாயலை மாற்றுகிற வெள்ளைச் சமநிலையைத் திருகித் திருகி முன்பெல்லாம் படத்தைக் கெடுப்பேன். நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தான், அது நீலமாக இருப்பதுதான் நியாயம் என்று நீதான் ஒரு நாள் கத்தினாய். இப்போது அதைத் தொடுவதில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது உன் பேச்சைக் கேட்டேன் என்று குறித்துக்கொள்.

சரி, முயல். நாற்பது எட்டுத் தொலைவில் இருந்து எடுத்தேன். அசையவில்லை. பிறகு பத்து எட்டு முன்னால் போனேன், ஒவ்வொன்றாக, நின்று நின்று, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று படம். அப்போதும் அசையவில்லை. என்னைப் பழகிவிட்டது, என்னை ஒரு மரமாக நினைத்துக்கொண்டது என்று எனக்குள் ஒரே பூரிப்பு. பத்தாவது எட்டு வைத்ததும் பாய்ந்தது. பனி தூளாகக் கிளம்ப, நாலு காலும் தரையை விட்டு எழும்ப, பின்னாலிருந்து வெயில் ஒவ்வொரு தூளையும் கொளுத்த, 1/2000 வினாடியில் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. இப்படி ஒரு படம் எனக்கு வாழ்நாளில் இதுவரை விழுந்ததில்லை.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். படத்தைப் பெரிதாகப் பார்க்கும் அவசரத்தில் கேமராவை வீட்டுக்குள் கொண்டுவந்து பையை அப்படியே திறந்துவிட்டேன். வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் தொடக் கூடாது என்று பத்துப் பேருக்காவது வகுப்பெடுத்திருப்பேன் நான்! குளிர்ந்த கண்ணாடியில் வெதுவெதுப்பான காற்றின் ஈரமெல்லாம் வந்து படிந்து, லென்ஸ் உள்ளும் புறமும் வெள்ளை. கேமராவின் இண்டு இடுக்கெல்லாம் வியர்வை. இந்த நிலையில் கேமராவை முடுக்கினால் தொலைந்தோம், நினைவக அட்டையை எடுக்கவும் பயம். மறுநாள் மதியம் வரை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு அதை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன், பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் மாதிரி. அவசரக்குடுக்கை என்று நீ சொல்வாய். எழுதும்போதே காதில் விழுந்தது.

கேமரா பிழைத்தது. படத்தைக் குழுவில் எல்லோருக்கும் காட்டினேன். மாமாவே பாராட்டினார் என்றால் பார்த்துக்கொள். அடுத்த மாதக் கண்காட்சியில் நடுச்சுவரில் மாட்டுவதாக முடிவாகிவிட்டது, கீழே எழுத நாலு வரி கொடு என்றார்கள். அந்த நாலு வரி எழுதத்தான், அன்றைக்கு நடந்ததை ஒழுங்காக நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று, மொத்தப் படங்களையும் வரிசையாக நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மொத்தம் 31 படம். முதல் ஆறிலும் முயல் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. கண் கீற்றாக மூடியிருக்கிறது, காது இரண்டும் முதுகில் தளர்வாகக் கிடக்கின்றன, மீசையில் உறைந்த மூச்சு மணி மணியாக. ஏழாவது படத்தில் கண் முழுதாகத் திறந்திருக்கிறது. ஒன்பதில் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியிருக்கிறது. பன்னிரண்டில் இரண்டு காதும் முதுகோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டன, உடம்பு முன்பைவிடச் சின்னதாகத் தெரிகிறது, பனிக்குள் அமுங்கிவிடப் பார்ப்பதுபோல. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிகிறது. பதினேழில் பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் வந்துவிட்டன. இருபதில் பாய்ச்சல். கோப்பிலேயே நேரம் பதிந்திருக்கிறதே, கணக்குப் போட்டேன். காது திரும்பியதிலிருந்து பாய்ந்தது வரை இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அவ்வளவு நேரமும் அது 'போ, போ' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நான் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி ஃபோகஸ் புள்ளி கண்மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையாமல் கிடப்பதுதான் முயலுக்குத் தெரிந்த முதல் தற்காப்பு, வெள்ளை ரோமம் முளைப்பதே அதற்காகத்தான். அதைப் போய்ப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன் பார்.

ஒரு முயல் ஓடியதற்கு இவ்வளவா என்று நீ கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். நரி வந்தால் ஓடாதா, கழுகு வந்தால் ஓடாதா. ஓடும்தான். ஆனால் அந்த மாதத்தில் அதற்குத் தின்னக் கிடைப்பது குச்சியும் மரப்பட்டையும். அதை மென்று சேர்த்த சூட்டைத்தான் முழங்கால் ஆழப் பனியில் அது செலவழித்துவிட்டுப் போனது, அதுவும் நரிக்காகக்கூட இல்லை, என் நடுச்சுவருக்காக. சின்னப் பறவைகளை நினைத்தால் இன்னும் மோசம். இத்தனூண்டு இருக்கிற குருவிகள் குளிர்கால இரவு ஒன்றைத் தாண்டவே தம் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் கரைத்துவிடுகின்றன, கறுப்புத் தொப்பிச் சிக்கடி என்கிற குருவி ராத்திரி தன் உடம்புச் சூட்டையே பல டிகிரி இறக்கிக்கொண்டு தூங்குகிறது. விடிந்ததும் அது கண் திறக்கிற நேரத்தில்தான் நாம் நல்ல வெளிச்சம் என்று மரத்தடிக்குப் போய் நிற்கிறோம். எத்தனை காலை போய் நின்றிருப்போம்! புஸ்ஸென்று பந்தாக உப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன அழகு என்று கிளிக்கிக்கொண்டே இருந்தோமே, அந்த உப்பல் இறகுக்குள் காற்றைப் பிடித்து வைத்துக் குளிரைத் தடுக்கிற பாடு.

லேசாகக் கணக்குப்பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், விஷயத்தைச் சொல்லாமல். அவன் உடனே அந்த ஓநாய்க் கதையை எடுத்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற போட்டியில் 2009-இல் முதல் பரிசு வாங்கியதே, வேலிக்கதவைத் தாண்டிப் பாய்கிற ஓநாய். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு கட்டி 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், எடுத்தவர் கடைசி வரை மறுத்தார். 'நல்லவேளை நம்மில் யாரும் அப்படியில்லை, நம்முடையது அசல் காட்டு முயல்' என்று என் தோளில் தட்டினான். அந்தத் தட்டலில் எனக்கு எவ்வளவு கூசியது தெரியுமா. அசல்தான், சந்தேகமில்லை. அசலாக மிரண்டது.

அதிலிருந்து இரண்டு வாரமாக விலங்கு எதையும் எடுக்கவில்லை. கை சும்மா இருக்குமா, பனித்துகள் எடுக்கிறேன். சிரிக்காதே. கறுப்புக் கம்பளித் துணி ஒன்றை வெளியிலேயே வைத்துக் குளிர விட்டு, அதில் விழுகிற துகளை, மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸில் பிடிக்க வேண்டும். மூச்சு விட்டால் போயிற்று, கரைந்துவிடும். பெரிய, கிளை விட்ட நட்சத்திரத் துகள்கள் மைனஸ் பதினைந்து டிகிரி சுற்றுவட்டத்தில்தான் உருவாகின்றன, மைனஸ் ஐந்து பக்கம் வந்தால் ஊசியும் தூணும். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885 ஜனவரி 15 அன்று, 19 வயதில், மைக்ராஸ்கோப்பையும் மடிப்புக் கேமராவையும் இணைத்து முதல் முதலாக ஒற்றைப் பனித்துகளைப் படம் எடுத்திருக்கிறார். பிறகு ஐயாயிரத்துக்கு மேல். நாலைந்து துகளுக்கே எனக்கு இடுப்பு போய்விட்டது. ஜப்பானில் நாகாயா என்ற இயற்பியலாளர் 1936-இல் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே ஒரு பனித்துகளை வளர்த்துக் காட்டினார், அது பிடித்துக்கொண்டு வளர நூல் நூலாக என்னென்னவோ கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தும் சரிவராமல் கடைசியில் எதில் வளர்ந்தது தெரியுமா? முயல் முடியில். இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். எங்கே ஓடினாலும் அது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். படத்தை எடுத்துவிடு என்று சொன்னால் எடுத்துவிடுவேன், ஆனால் பொய் சொல்ல விரும்பவில்லை, எடுக்க மனமே இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். அந்தப் பனித்தூள் வெயிலில் நிற்கிற நிற்பு அப்படி. கீழே எழுத வேண்டிய நாலு வரியில் இதுவரை ஒரு வரிதான் வந்திருக்கிறது: 'என்னைப் பார்த்து ஓடும் முயல்.' இதைக் கொடுத்தால் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பார், அப்புறம் எல்லோர் முன்னாலும் ஏன் என்று கேட்பார், நான் அந்த 31 படத்தையும் விரித்துக் காட்ட வேண்டியிருக்கும். இல்லை, பாய்கிற படத்தை விட்டுவிட்டு ஆறாவது படத்தை மாட்டலாமா? அதில் ஒன்றுமே நடக்கவில்லை. பனி, இரண்டு காது நுனி, மூடிய கண், மீசையில் மணி. தொலைவு அதிகம் என்பதால் முயல் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. நடுச்சுவரில் யார் நின்று பார்ப்பார்கள் என்று தெரியவில்லை, நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மொத்தத்தையும் ஒரு அட்டையில் ஏற்றி இதோடு வைத்திருக்கிறேன். பாய்ச்சலை முதலில் பார்த்துவிடாதே, ஒன்றிலிருந்து வரிசையாகப் பார். ஒன்பதாவதில் அந்தக் காது உன் கண்ணுக்குப் படுகிறதா, இல்லை நான்தான் சொல்லிக் கொடுத்துவிட்டேனா என்று எழுது. வரும் புதன்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதனால் வழக்கம்போல யோசித்துச் சொல்கிறேன் என்று ஆந்தை மாதிரி முழித்துக்கொண்டிருக்காதே.

உன்,
அவசரக்குடுக்கை

பி.கு.: உன் இடது கைக் கையுறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விரல் நுனி கிழிந்துவிட்டது, ஷட்டரை அழுத்த அதுதான் வசதியாக இருக்கிறது, திருப்பித் தருவதாக இல்லை.