அம்மாவை அழைத்துப் போகக் காரோடு வரும் கொங்குப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள கண்ணுகளுக்கு,

காங்கேயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு ஓட்டு வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். எனக்கு வயது 72. கல்யாணமாகி இந்த வாசலுக்கு வந்து 51 வருஷம் ஆகிறது. மகன் கோவையில் இருக்கிறான், மகள் பெங்களூரில். இரண்டு பேருமே நல்ல பிள்ளைகள். உங்களில் பலரும் அப்படித்தான் என்று நம்பி எழுதுகிறேன். பாசமில்லாத பிள்ளைகளுக்கு மடல் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றுபோட்டார்கள். 2025 கோடையில் ஈரோடு மாவட்டத்துச் சிவகிரிப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியையும் கொன்றார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கே மகன் போன் பண்ணிவிட்டான். "அம்மா, நாளைக்குக் கார் எடுத்துட்டு வர்றேன். துணிமணியெல்லாம் எடுத்து வைங்க." நம் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் அன்றைக்கு இப்படி ஒரு போன் அடித்திருக்கும்.

நான் போகவில்லை. ஏனென்றால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

அவர் தவறிய பிறகு ஏழு மாதம் மகன் வீட்டில் இருந்தேன். நாலாவது மாடி. ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்கென்று தனி அறை, தனி டிவி. ஆனால் விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், காலமெல்லாம் பால் கறந்த உடம்பு. எழுந்து நடமாடினால் பாத்திரச் சத்தத்தில் பேரன் விழித்துக்கொள்வான். ஆறரை மணிவரை கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மருமகளிடம், "கண்ணு, ஒரு காப்பி வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டேன். "இதெல்லாம் கேக்கணுங்களா அத்தை? இது உங்க வீடுங்க" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ஆனால் நான் கேட்டுவிட்டேனே! என் வீட்டு அடுப்பைப் பற்றவைக்க நான் யாரையும் கேட்டதில்லை.

இரண்டாவது மாதம் ராத்திரியில் குளியலறை இந்தப் பக்கம் என்று நினைத்துத் திரும்பினேன். சுவரில் முட்டி விழுந்தேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு.

இங்கே கரண்ட் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. கட்டிலிலிருந்து ஏழு அடி வைத்தால் ஆசாரத்துத் தூண், முன்கூடத்துத் தூணைத்தான் சொல்கிறேன். என் மாமியார் கை பட்டுப் பட்டு இடுப்பு உயரத்தில் அந்தத் தூண் வழவழவென்று இருக்கும். இப்போது அதே இடத்தில்தான் என் கையும் போய் நிற்கிறது. அதைப் பிடித்து இடப்பக்கம் திரும்பினால் கதவு நிலை, அதைத் தாண்டினால் மாடத்தில் தீப்பெட்டி. கண்ணுக்கு வேலையே இல்லை. வயதாக ஆகக் கண் மங்குகிறது, காது மந்தமாகிறது. உடம்பு விட்டதையெல்லாம் பழகிய வீடு தாங்கிக்கொள்கிறது. அந்த வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒரே நாளில் பத்து வயது கூடின மாதிரிதான்.

தனியாக இருக்கிறீர்களே என்கிறீர்கள். ஒரு மாட்டுப் பால்தான் ஊற்றுகிறேன். ஆறரைக்குள் நான் வரவில்லை என்றால் பால் சொசைட்டிக்காரர் போன் பண்ணிவிடுவார். ஆடு மேய்க்கிற பையன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்க ஆத்தா, சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். அப்பார்ட்மெண்டில் எதிர்வீட்டுக்காரர் முகத்தை ஏழு மாதத்தில் இரண்டு தடவை பார்த்தேன்.

சரி, பயத்துக்கு என்ன செய்வது? அழைத்துப் போகிற செலவில் கால்வாசி போதும். என் மகனிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன், செய்து கொடுத்தான். வாசலிலும் மாடு கட்டுகிற கட்டுத்தரையிலும் விளக்கு, இரண்டு கேமரா, குளியலறையில் கைப்பிடி, உட்காருகிற மாதிரிக் கக்கூஸ். நகையெல்லாம் பேங்க் லாக்கருக்குப் போய்விட்டது, அது வீட்டில் இல்லை என்பது ஊருக்கே தெரியும். மாத்திரைக்கும் அலைய வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. முதியோர் உதவி எண் 14567, அதையும் அம்மா போனில் பதிந்து கொடுங்கள். அப்புறம், பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு வரப்புத் தகராறு இருந்தால் முதலில் அதைத் தீர்த்து வையுங்கள். ராத்திரியில் கூப்பிட்ட குரலுக்கு வரப்போவது அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களை அழைத்துப் போகிற பேச்சும் தோட்டத்தை விற்கிற பேச்சும் பல வீடுகளில் ஒன்றாகவே வருகின்றன. "செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்திருங்க, நாங்க பாத்துக்கறோம்." பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளை மேல் மனு எழுத எந்தத் தாய்க்குக் கை வரும்? சட்டம் இருந்தும் எத்தனையோ பேர் வாய் திறக்காமல் இருப்பது அதனால்தான். எங்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

எல்லோரும் என்னைப் போலவே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு தோட்டம் தள்ளி இருந்த அக்கா, மூட்டுவலி தாங்காமல் தானாகவே மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். நிம்மதியாக இருக்கிறார். அவரை மகள் உட்காரவைத்துக் கேட்டாள், நாலு மாதம் காத்திருந்தாள். நீங்களும் கேளுங்கள். காரை வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்காதீர்கள்.

பொங்கல் வருகிறது. காலையில் வந்து பட்டிப் பொங்கல் வைத்துவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுகிறீர்கள். இந்தத் தடவை ஒரு ராத்திரி தங்குங்கள். கரண்ட் போனால் செல்போன் வெளிச்சத்தை அடிக்காதீர்கள், சும்மா படுத்திருங்கள். உங்கள் அம்மா எழுந்து, தூணைத் தொட்டு, மாடத்துக்குப் போய் விளக்கேற்றிக்கொண்டு வருவதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருத்தி