யாசீன்ல கை வைக்காதீங்க, டீச்சர்

நாகூர்

அன்புள்ள குண்டூசி,

உன் ரெண்டு கடிதத்துக்கும் பதில் போடலை. இந்நேரம் திட்டியும் முடிச்சிருப்பே. முட்டி வலி அப்படியே, பென்ஷன் வந்தாச்சு, அவர் அதே ஈஸிசேர்ல. விஷயத்துக்கு வர்றேன்: நான் அரபி படிக்கிறேன். சிரிச்சு முடி, காத்திருக்கேன்.

கூட்டாளி எதிர்வீட்டு லாத்தா (இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாங்க). பொருத்தத்தைக் கேளு. சின்னதுலேயே மக்தபுக்கு, அதான் ஓதுற பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓதினவங்க. குர்ஆனைத் தட்டாம ஓதுவாங்க. அதுல யாசீன்ங்கிற அத்தியாயம் 83 வசனமும் மனப்பாடம். அர்த்தம் மட்டும் தெரியாது. எனக்கோ இலக்கணம் கிடைச்சா சோறு வேண்டாம், எழுத்துதான் கைக்கு வரலை. 28 எழுத்துதானேன்னு இறங்கினேன். சொல்லுக்கு முதல்ல வந்தா ஒரு வடிவம், நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு! அதுல ஆறு எழுத்து அடுத்ததோட சேரவே சேராது, நம்ம ஹாஸ்டல் மூணாம் நம்பர் ரூம் மாதிரி. ‘ஐன்’னு ஒரு எழுத்து, அடித்தொண்டையிலேர்ந்து வரணுமாம். நான் முயற்சி பண்ணினா இவர் தண்ணிச் சொம்போட ஓடி வர்றார்.

ஆனா சந்தி இருக்குடி! ‘அல்’லும் ‘ஷம்ஸ்’ஸும் சேர்ந்தா ‘அஷ்ஷம்ஸ்’. பாதி எழுத்து, அதாவது 14, இப்படி முன்னால நிக்கிற லகரத்தைத் தன் பக்கம் இழுத்துக்குது. கல்லும் தூணும் கற்றூண்னு காலமெல்லாம் கத்தினவ நான், துள்ளாம என்ன செய்வேன்? அகராதியும் அப்படித்தான். மூணெழுத்து வேரைப் பிடிச்சாதான் சொல் கிடைக்கும். ‘மக்தப்’பை முதலெழுத்தான மீம்ல தேடினா வராது. வேரோட முதலெழுத்தான காஃப்ல, புத்தகம்ங்கிற ‘கிதாபு’க்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கு. லாத்தாவுக்கு அன்னிக்கு ஒரே ஆச்சரியம்.

வினை அங்கேதான் பிடிச்சுது. வியாழன் ராத்திரி யாசீன் ஓத உட்கார்ந்தா, மனசு ஒவ்வொரு சொல்லுக்கும் வேரைத் தேடுதாம். ரெண்டு மூணு வசனத்திலேயே ஓதல் நின்னு போச்சாம். “முன்னெல்லாம் ஓதி முடிச்சா மனசு லேசாயிடும் டீச்சர். இப்ப ஒவ்வொண்ணா நிறுத்தி விசாரிக்கத் தோணுது”ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. அர்த்தம் தெரியாம ஓதுறது என்ன படிப்புன்னு காலேஜ்ல நீயும் நானும் எத்தனை வாய் பேசியிருப்போம்! அவங்க உம்மா மௌத்தான ராத்திரி, விடிய விடிய அந்த யாசீனை ஓதிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. அங்கே என் வேர்ச்சொல்லுக்கு என்னடி வேலை? கொஞ்ச நாள் அவங்க இந்தப் பக்கம் வரலை. நானும் கூப்பிடலை. கூப்பிட்டா என்ன சொல்றது?

அப்புறம் அவங்களே ஒரு கசங்கின அரபி நியூஸ் பேப்பரோட வந்தாங்க. மகன் ஜித்தாவிலேர்ந்து பேரீச்சம்பழம் சுத்திக் கொண்டு வந்தது. “இனிமே இதைப் படிப்போம். யாசீன்ல மட்டும் கை வைக்காதீங்க, டீச்சர்.” சரின்னு விரிச்சா, உயிர்க்குறியே காணோம், ஜபரும் இல்லை, ஜேரும் இல்லை! குர்ஆன்ல உயிர்க்குறி எல்லாம் ஒழுங்கா இருக்கும். பேப்பர்ல போட மாட்டாங்க, படிக்கிறவங்க தானே ஊகிச்சுக்கணும். காஃப், தே, பே மட்டும் வரிசையா நிக்குது. எழுதினான், எழுதப்பட்டது, புத்தகங்கள், எது வேணும்னாலும் ஆகலாம். ஒரே மூச்சுல யாசீன் ஓதுறவங்க தலைப்புச் செய்தியில முழிக்கிறாங்க. நான் பக்கத்துல இன்னும் பெரிசா முழிக்கிறேன். குறி போட்டது கையில இருக்கு, அதைத் தொடக்கூடாது. தொடலாம்ங்கிறதுல குறி இல்லை. இந்த வயசுல எனக்கு வேணும்தான்.

அதனால உன் மககிட்ட ஒரு உதவி. ஷார்ஜாவுல நம்ம பிள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடத்துல அரபி கட்டாயமாச்சே. உன் பேரனோட பழைய அரபிப் பாடப் புத்தகம், ஒண்ணாங் கிளாஸோ ரெண்டாங் கிளாஸோ, லீவுக்கு வரும்போது எடுத்து வரச் சொல்லு. குறி போட்டிருக்கான்னு பார்த்து எடுக்கச் சொல்லு. வாட்ஸப்ல படம் பிடிச்சு அனுப்ப வேண்டாம், லாத்தாவுக்குக் கண்ணாடி மாத்தணும். உன் வீட்டுக்காரர்கிட்ட விசாரிக்காதே. குவைத்துல அத்தனை வருஷம் இருந்துட்டு ‘யல்லா’, ‘ஹலாஸ்’ தவிர அவருக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியும்.

உன்
இலக்கணப் பேய்