சிவலை வெருளும் மூலை

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று நீ சொன்னதை அம்மாவும் நானும் இரவு முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தோம். மைதானத்தில் சி எழுத்து மாட்டிய சுவர்ப் பக்கம் போனால் உன் குதிரை சிவலை வெருளுகிறது, நடையில் அடி குறுகிக் குறுகி ஓடப் பார்க்கிறது, இரவில் உன் இரண்டு கையும் நோகிறது என்றாய். எல் வகுப்பு ட்ரெசூர் போட்டிக்கு, நடைகளை வரிசையாகச் செய்துகாட்டும் அந்தப் போட்டிக்கு, மூன்று கிழமைதான் இருக்கிறது. ஃபோனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

சிவலைப் பெட்டைக் குதிரை என்றாலே துடியாட்டம் என்று லாயங்களில் சொல்லுவார்கள். அந்தப் பேச்சை விடு. டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024இல் பாரிசிலும் தனிநபர் தங்கம் வென்ற டலேராவும் பெட்டைதான், உணர்ச்சி கூடியது என்று பெயரெடுத்த ட்ரகேனர் இனம்தான். அந்தத் துடிப்பில் இருந்துதான் பின்னங்காலின் விசை வருகிறது. அதைக் களைப்பாக்கி அடக்கினால் உனக்கு மிஞ்சுவது அடங்கிய குதிரை அல்ல, சலித்த குதிரை. அந்தத் துடிப்பு போவதற்கு ஒரு வழி காட்டுவதுதான் உன் வேலை.

முதலில் நோவு இருக்கிறதா என்று பார். வெருளுவதெல்லாம் குணம் அல்ல. ஜேர்மன் வீராங்கனை இசபெல் வெர்த்தின் குதிரை சச்மோ ஒரு காலத்தில் காரணமே இல்லாமல் வெருண்டு திரும்பும். பிறகுதான் அதன் கண்ணுக்குள் துகள்கள் மிதப்பதைக் கண்டுபிடித்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். 2006இல் ஆகனில் நடந்த உலகப் போட்டியில் அதே குதிரை தங்கம் வென்றது. சிவலை ஒரே பக்கத்தில்தான் அதிகம் வெருளுகிறதா என்று குறித்துவை. அப்படியென்றால் கண்மணியை மருந்தால் விரித்து இரண்டு கண்ணையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேள்.

சேணத்தைப் போன வசந்தத்தில் பொருத்திப் பார்த்ததாகச் சொன்னாய். அதன் பிறகு சிவலையின் முதுகு மாறியிருக்கும். நீ ஏறி இருக்கும்போது, பிடரி முடிகிற தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போகவேண்டும். கடிவாள இரும்பு வாயின் இரு பக்கமும் ஏறக்குறைய அரைச் சென்ரிமீற்றர் வெளியே தெரிந்தால் அளவு சரி. மூக்குவாருக்கும் மூக்கெலும்புக்கும் இடையில் இரண்டு விரல் தாராளமாகப் போகவேண்டும், கன்னப் பக்கத்தில் விரல் விட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று நினைக்காதே. இறுக்கிக் கட்டினால் வாய் திறக்காது, ஆனால் தாடையும் அசையாது. தாடை பிடித்தால் பிடரியும் முதுகும் சேர்ந்து பிடிக்கும். பல்லை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும்.

வயிற்றுவார் இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வந்தால் அதைக் கெட்ட குணம் என்று தள்ளாதே, இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும். வெறும் வயிற்றோடு ட்ராப் என்ற துள்ளோட்டம் ஓடினால் அது மேல் சுவரில் தெறிக்கும். ஏறுவதற்கு அரை மணிக்கு முன் இரண்டு மூன்று பிடி வைக்கோற்புல் கொடு. நாளுக்கு 100 கிலோ உடம்புக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையக்கூடாது. சிவலை 580 கிலோ என்றால் ஏறக்குறைய 9 கிலோ, கூடினால் நல்லது. இடையில் 4 மணித்தியாலத்துக்கு மேல் வெறும் வாயாக நிற்க விடாதே. அடங்காமல் துள்ளுபவனை ஓட்ஸ் குத்துகிறது என்று ஜேர்மன்காரர் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. வேலை குறைந்த நாளிலும் அதே அளவு தானியம் போட்டால் மறுநாள் அதை நீதான் சுமக்கவேண்டும். ஒரு கொப்பி வாங்கி வேட்கை நாட்களையும் குறி. கோடையில் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும். வெருளும் நாட்களும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

ஏறுவதற்கு முன் லொங்கெயில், நீளக் கயிற்றில் வட்டமாக, 40 நிமிடம் ஓடவிட்டுக் களைப்பாக்கச் சொல்கிறார்கள் என்றாய். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. தினமும் வட்டத்தில் ஓடும் குதிரை களைப்பதில்லை, உடற்தகுதி கூடுகிறது. அடுத்த மாதம் 40 நிமிடம் போதாது, 60 கேட்கும். அதோடு சிறிய வட்டம் மூட்டுக்கும் குளம்புக்கும் கெடுதி. 15 மீற்றருக்குக் குறையாத வட்டம், 15 முதல் 20 நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்று. முதுகு தளர்ந்து மூச்சைச் சீறி விட்டதும் நிறுத்து. மிச்சத் துடிப்பை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் மேய்ச்சல் வெளியில் விட்டுத் தீர்த்துக்கொள். பயிற்சியாளரோடு இதைச் சண்டை போடாமல் கேள், காரணத்தைச் சொல்லிக் கேட்டால் கேட்பார்.

இனி உன் கை. 580 கிலோ உடம்போடு நீ இழுவைப் போட்டி நடத்தினால் யார் வெல்வது என்று சொல்லத் தேவையில்லை. தொடர்ந்து பிடித்த கடிவாள வாரில் குதிரை சாய்ந்து நிற்கப் பழகும், அல்லது மூக்கை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு கடிவாளத்துக்குப் பின்னால் ஒளியும். வெளியில் பார்ப்பவருக்கு அந்த இரண்டாவது நிலை அழகாகக்கூடத் தெரியும். ஆனால் மூக்கு நேர்க்கோட்டுக்குப் பின்னால் போய்விட்டால் முன்னால் வருவது குதிரைக்குச் சரியாகத் தெரியாது. தெரியாததற்குத்தான் அது அதிகம் வெருளும். பிடரியின் உச்சி உயர்ந்து, மூக்கு நேர்க்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கவேண்டும்.

ஹால்பே பராடேயை, குதிரையை ஒரு நொடி பிடித்து விடும் அந்தச் சைகையை, நீ படித்திருக்கிறாய், பரீட்சையில் எழுதியும் இருப்பாய். அதன் கடைசிப் பாதிதான் உனக்கு வருவதில்லை. நிமிர்ந்து இரு, இரண்டு காலும் ஒட்டியிருக்கட்டும், வெளிப்பக்க விரல்களை ஈரத் துணி பிழிவதுபோல் மூடு. முழங்கை பின்னால் வரக்கூடாது. ஓர் அடி மட்டும். அடுத்த அடியில் விரல் திறக்கவேண்டும். பதில் வரவில்லை என்றால் இன்னொன்று கொடு, அதே ஒன்றை நீட்டாதே. திறக்காத பராடே குதிரைக்கு வெறும் சுமை, அதில் அது கேட்க ஒன்றும் இல்லை. இரவில் உன் கை நோவது இந்தத் திறக்காத விரலால்தான்.

சரியா பிழையா என்பதை ஊபர்ஸ்ட்ரைஹனால் சோதி. கலோப் என்ற பாய்ச்சலோட்டத்தில் இரண்டு கையையும் பிடரியின் மேற்பக்கம் ஒன்றிரண்டு கையகலம் முன்னே கொண்டுபோய், சில அடி வாரைத் தளர்த்தி, திரும்பி வா. தாளமும் கழுத்தும் அப்படியே நின்றால் சிவலை தன்னைத் தானே சுமக்கிறது. ஓடினால் இதுவரை உன் கைதான் சுமந்திருக்கிறது. நாளுக்கு நாலைந்து முறை செய்.

கால் விஷயத்தில் எல்லோரும் செய்யும் பிழையை நீயும் செய்கிறாய் என்று நினைக்கிறேன். துடியான குதிரை என்று காலை விலக்கி வைத்தால், ஒவ்வொரு தொடுதலும் அதற்குத் திடீர் அடியாக விழும். காலைக் கீழே விடு, ஈரச் சாரம் காலில் ஒட்டுவதுபோல் விலாவில் ஒட்டியிருக்கட்டும். அழுத்தவேண்டாம். நாலைந்து நாளில் அது பழகும், பிறகுதான் உன் கால் அதனோடு பேச முடியும். நீ படிக்கும் பயிற்சிமுறையின் ஆறு படியில் சிவலை இரண்டாவதில், தளர்வில், நிற்கிறது. எடையைப் பின்னங்காலுக்கு ஏற்றும் கடைசிப் படியான திரட்டலை இப்போது கேட்பதால்தான் முதல் படியான தாளமே உடைகிறது.

அந்த மூலைக்கு வருகிறேன். இதைத்தான் ஆறுதலாக எழுதவேண்டும்.

குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில். சுற்றிவர ஏறக்குறைய 350 பாகை தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் குருட்டிடம். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போனால் அதன் கண் பழக நம்முடையதைவிட நேரம் எடுக்கும். சி பக்கத்தில் நடுவர் பெட்டி, அதன் கீழே இருட்டு, பக்கத்தில் கதவிடுக்கால் விழும் வெயில் துண்டு. நேற்று இல்லாத ஒரு கோட் இன்று தொங்கினாலும் அது வேறு இடம்.

கொண்டுபோய் மோப்பம் பிடிக்கவைத்தால் பயம் போகும் என்று சிலர் தலையை அதன் பக்கம் திருப்புவார்கள். அப்போது என்ன நடக்கிறது? தலை வெளியே திரும்பியதும் பின்பகுதி உள்ளே வரும், ஒரு நொடியில் சுழன்று ஓட எல்லா வசதியும் கிடைக்கிறது. நேர்மாறாகச் செய். தலையை உள்ளே வளை, உட்பக்கக் காலிலிருந்து வெளிவாருக்கு ஓட்டு, தோளைச் சற்று உள்ளே எடு. தோள் உள் பயிற்சியைக் குதிரையைத் தளர்த்துவதற்காக 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் குதிரையேற்ற ஆசான் கெரினியேர் முறைப்படுத்தினார், இன்றைக்கும் அதைவிட நல்ல மருந்து கிடைக்கவில்லை. முழுக் கோணம் வேண்டாம், தோள் ஒரு கையகலம் உள்ளே வந்தால் போதும். பயப்படும் பொருளைவிட உன் உட்கால் அதற்குப் பெரிதாகத் தெரியவேண்டும்.

இடைவெளியால் தொடங்கு. 20க்கு 40 மீற்றர் மைதானத்தில் மையப் புள்ளியான எக்ஸை நடுவாக வைத்து 20 மீற்றர் வட்டம் போட்டால், வட்டத்துக்கும் சி சுவருக்கும் இடையில் 10 மீற்றர் இருக்கும். அங்கே தளர்ந்து மூச்சு விடும்வரை நில். பிறகு இரண்டு மீற்றராக வட்டத்தைத் தள்ளு. காது கூர்ந்து கழுத்து உயர்ந்ததும் நீ ஒரு படி கூடப் போய்விட்டாய், பின்னால் வா. ஒரே நாளில் சுவரைத் தொடவேண்டும் என்றில்லை. கடந்துபோன ஒவ்வொரு முறையும் தோள்மேட்டில் விரலால் சொறிந்துவிடு, கழுத்தில் தட்டுவதைவிட அது நன்றாகப் பிடிக்கும். வெருண்டதற்கு அடிக்காதே. பெட்டி கடிக்கும் என்று அது நினைத்தது, நீ அடித்தால் நினைத்தது சரி என்று ஆகிவிடும். நீயும் பெட்டியைப் பார்க்காதே. பார்த்தால் உன் தொடை இறுகும், அது முதலில் அதைத்தான் உணரும். அடுத்த எழுத்தைப் பார், மூலைக்கு முன் மூச்சை வெளியே விடு.

வாரில் தொங்கி நிற்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு தோல் வார் கட்டு. துள்ளினால் ஒரு விரலை அதில் கொளுவு, வாய் தப்பும். எழும்பி நின்றால் முன்னே சாய்ந்து வாரை முழுக்க விடு, பின்னால் இழுத்தால் குதிரை உன்மேல் விழும். ஓடினால் இரு கையாலும் இழுக்காமல் பெரிய வட்டத்துக்குக் கொண்டுவந்து சுருக்கு. நடையில்கூடத் தலைக்கவசம் போடு, பாதுகாப்பு மேலங்கியும் போடு. அம்மா இதை மட்டும் எழுதச் சொன்னாள்.

நடையில் நாலடித் தாளம் இருக்கவேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஒரே இடைவெளியில். பிடித்துவைத்தால் ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து நடக்கத் தொடங்கும், ஒட்டகம்போல். நடுவர் அதைக் கண்டால் புள்ளி சரியும், திருத்தவும் மாதங்கள் ஆகும். ஆகவே இப்போது நடையைத் திரட்டாதே. பின்குளம்பின் தடம் முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று மணலில் பார். நீள வாரில் நடக்க முடியாத அளவு கொதித்தால், முதல் 10 நிமிடம் இறங்கிக் கையில் பிடித்து நடத்து, அல்லது பக்கவாட்டாக அசையும் நடை கேள். கலோப்பிலிருந்து நடைக்கு வந்து திரும்பக் கலோப் போகும் மாற்றத்தில் மூன்று அடியில் ஓடப் பார்க்கிறது என்றாய், ஏனென்றால் அதற்கு மூன்று என்று தெரியும். ஒருமுறை மூன்று, ஒருமுறை பத்து, ஒருமுறை நின்று மூச்சு விட்டு வார் நீட்டு. எதிர்பார்ப்பது தானே குறையும்.

கிழமையில் ஒரு நாள் தரையில் கம்பம் வை. ட்ராபுக்கு 1.30 மீற்றர் இடைவெளி, நடைக்கு 80 சென்ரிமீற்றர், சிவலையின் அடிக்கு ஏற்ப ஐந்து பத்துச் சென்ரிமீற்றர் கூட்டிக் குறை. நாலு கம்பம் போதும். தலையைக் கீழே விட்டுக் காலைப் பார்க்கவேண்டிய வேலை வந்தால் மூலையைப் பார்க்க நேரமில்லை. இரண்டு நாள் காட்டுப் பாதையில் நடத்து. போட்டி வரிசையை முழுதாக ஓட்டாதே, துண்டு துண்டாக எடு. முழுதாக நாலு முறை ஓட்டினால் அடுத்த முறை உனக்கு முன்னே அது திரும்பிவிடும்.

போட்டி அன்று ஒன்றரை மணித்தியாலம் முன்னே போ. கொடியும் ஒலிபெருக்கியும் தெரியக் கையில் பிடித்து நடத்து, வலையில் புல் தொங்கட்டும். ஏறிய பிறகு 35 நிமிடம், இடையில் இரண்டு முறை நீள வார். பயிற்சி மைதானத்தில் நல்ல கலோப் ஒன்று வந்ததும் விடு, இன்னொன்று தேடாதே.

இந்த ஞாயிறு யாரிடமாவது சொல்லி இரண்டு காணொளி எடுத்து அனுப்பு. ஒன்று நடை, பக்கத்திலிருந்து, நாலு குளம்பும் தெரிய, 20 அடிக்குக் குறையாமல். மற்றது கலோப்பில் ஊபர்ஸ்ட்ரைஹன், உன் முழங்கையும் கடிவாளமும் ஒரே சட்டத்தில் வரும்படி. முகத்தை எடுக்கவேண்டாம், விரலை எடுக்கச் சொல்.

அன்புடன்
அப்பா