மணி பத்தானால் மெரினாவைக் காலி செய்வது எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மெக்சிகோ கடற்கரைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். கான்கூனில் எந்த ஓட்டலில் தங்கலாம், கடல் தெரிகிற அறைக்கு எவ்வளவு கூடுதல் என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. படமெல்லாம் அழகுதான். ஆனால் ஓட்டல் பால்கனியில் நின்று பார்த்தால் கடல் தெரியும், ஊர் தெரியாது. நான் முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்தவன். அதே நாட்டில் எனக்கு வேறொரு கடற்கரை ஊர் தெரியும்.

அதை இப்போது எழுதக் காரணம் உங்கள் கட்டுரை மட்டும் இல்லை. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை ராத்திரி, சம்பந்தி வீட்டாரோடு மெரினாவில் உட்கார்ந்திருந்தோம். வஞ்சிரம் வறுவல் அப்போதுதான் தட்டில் வந்தது, இரண்டு வாய்கூடப் போயிருக்காது, போலீஸ் விசில். மணி பத்து. எழுந்திரு, கிளம்பு. பேத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓட, கடைக்கார அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மசாலா தடவி வைத்திருந்த மீனையெல்லாம் திரும்ப ஐஸ் பெட்டிக்குள் அடுக்கினார். திட்டவில்லை, முணுமுணுக்கவில்லை, தினமும் நடப்பதுதானே.

சரி, அந்த ஊருக்கு வருகிறேன். பெயர் மசாட்லான். பசிபிக் கரையில், சினலோவா மாநிலத்தில் இருக்கிறது. அந்த மண்ணின் பழைய மொழியில் மான்கள் இருக்கும் இடம் என்று அர்த்தமாம், நான் ஒரு மானையும் பார்க்கவில்லை. 2016 பிப்ரவரியில் எங்கள் கப்பல் அங்கே போய் நான்கு நாள் மாட்டிக்கொண்டது. சரக்கு இறக்க ஆள் இல்லை, ஏனென்றால் ஊரே கார்னிவல் என்கிற வருடாந்திரத் திருவிழாவைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. கேப்டனுக்கு எரிச்சல். எனக்கு ஏன் எரிச்சல் வரப்போகிறது?

முதல் நாள் காய்கறி வாங்க இறங்கினேன். சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தெருவில் வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு குடை, குடைக்குக் கீழே பிளாஸ்டிக் தொட்டிகளில் ஐஸ் போட்ட இறால். சாங்கேராஸ் என்று ஊரில் அவர்களைச் சொல்கிறார்கள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் விலையை விரலில் காட்டினார், நான் அதில் ஒரு விரலை மடக்கிவிட்டேன், ஏதோ திட்டினார், காசிமேட்டில் நிற்பது மாதிரியே இருந்தது. வாங்கிய இறாலைப் பக்கத்துக் கடையில் கொடுத்தால் அவர்களே செய்து கொடுத்துவிடுவார்கள். அங்கேதான் அகுவாசிலே சாப்பிட்டேன். பச்சை இறாலை உரித்து, முதுகில் கீறி விரித்து, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து அரைத்ததை மேலே ஊற்றி, வெள்ளரிக்காயும் சிவப்பு வெங்காயமும் போட்டு நீட்டுகிறார்கள். அடுப்பே பற்றவைப்பதில்லை. புளிப்பில் இறாலின் ஓரம் மெல்ல வெளுக்கிறது, நடுவில் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கும்போதே சாப்பிட வேண்டும். காரம் காதுக்குள் ஏறியது. மிளகாயே நமக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்று கூட வந்த மாலுமி சொன்னபோது அவனோடு சண்டை போட்டேன், அப்புறம் விசாரித்தால் அவன் சொன்னதுதான் சரி.

சாயங்காலம் ஆனதும் ஊர் மொத்தமும் கடலோர நடைபாதைக்கு வந்துவிடுகிறது. மலெகோன் என்கிறார்கள், சுமார் 21 கிலோமீட்டர் நீளம். போய் வர புல்மோனியா என்று மேற்கூரை மட்டும் வைத்த திறந்த வண்டி, நம் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் மாதிரி. புல்மோனியா என்றால் நிமோனியா. இந்த வண்டி 1965இல் வந்தபோது பழைய டாக்சிக்காரர்கள் வயிற்றெரிச்சலில், இதில் ஏறினால் காற்றடித்து நிமோனியா வரும் என்று கிளப்பிவிட்டார்களாம், அதையே பெயராக வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். நடைபாதை முழுக்கக் கைக்குழந்தையோடு அம்மாக்கள், சக்கர நாற்காலியில் தாத்தாக்கள், கூடையில் வறுத்த கடலை விற்கிறவர்கள். பத்தடிக்கு ஒரு பாண்டா கோஷ்டி, பித்தளை வாத்தியமும் பெரிய மேளமுமாக, நம் பேண்டு வாத்தியக்காரர்களைப் போல இரண்டு மடங்கு சத்தம். காசு கொடுத்தால் உங்களுக்காக ஒரு பாட்டு.

அந்தக் கார்னிவலின் கதையைக் கேட்டபோதுதான் நம் ஊர் ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் துறைமுகத்துக்காரர்கள் ஒரு கட்சி, சந்தைக்காரர்கள் ஒரு கட்சி என்று பிரிந்து ஒருவர் மேல் ஒருவர் மாவை அடித்துக்கொண்டு, அது அடிதடி வரைக்கும் போகுமாம். தடை போட்டு மூடிவிடுவது சுலபம். 1898இல் ஊர்ப் பெரியவர்கள் ஒரு குழு போட்டு, மாவுக்குப் பதிலாக வண்ணக் காகிதத் துணுக்கு என்று மாற்றி, ஊர்வலம் வைத்து, அதை முறையான விழாவாக்கிவிட்டார்கள். இன்றைக்கு மெக்சிகோவின் பெரிய கார்னிவல்களில் அதுவும் ஒன்று. அந்த நாட்களில் 'கெட்ட மனநிலை' என்று ஒரு பொம்மையை எரிக்கிறார்கள், ஊருக்கு அந்த வருடம் யார் மேல் கடுப்போ அவர் உருவத்தில் (நம் போகி மாதிரிதான், பழைய பாய்க்குப் பதில் அரசியல்வாதி). சனிக்கிழமை ராத்திரி கடல் மேல் வாணவேடிக்கை, 1864இல் பிரெஞ்சுப் போர்க்கப்பலை விரட்டியதன் நினைவாக. கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். யாரும் விசில் ஊதி வீட்டுக்கு அனுப்பவில்லை.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவே இல்லை. பீர் ஆறாக ஓடுகிறது, நான் மெரினாவுக்கு அதைக் கேட்கவில்லை. சினலோவாவின் போதைக் கும்பல் சண்டை 2024 செப்டம்பரிலிருந்து இன்னும் மோசமானது. அப்படியும் 2025 கார்னிவலை அவர்கள் நிறுத்தவில்லை, பாதுகாப்பைக் கூட்டி நடத்தினார்கள். அதே 2024 மார்ச்சில் இன்னொரு தகராறு. கடற்கரையில் பாண்டா சத்தம் விருந்தாளிகளைத் தூங்க விடவில்லை என்று ஓட்டல்காரர்கள் புகார் சொல்ல, கட்டுப்பாடு என்று பேச்சு எழுந்ததும் வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே ஊர்வலம் போனார்கள், போலீசோடு தள்ளுமுள்ளு வரைக்கும் போனது. வாத்தியம் நிற்கவில்லை.

நமக்குக் கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் ஜனம் நடந்தே வருகிறது. மாசி மகத்துக்குச் சாமிகளெல்லாம் கடலுக்கு வருகின்றன. காணும் பொங்கலுக்கு மூங்கில் தடுப்பு கட்டி, யாரும் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொள்கிறோம். வருடத்தில் சில நாள் முடிகிறது என்றால் வாரத்தில் இரண்டு ராத்திரி ஏன் முடியாது? கடலில் இறங்குகிறார்கள், பயமாக இருக்கிறது என்கிறார்கள். உண்மைதான், இருட்டில் அலை தெரியாது. அப்படியானால் தண்ணீர்ப் பக்கம் தடுப்பைப் போட்டுவிட்டு மணலில் உட்கார விடுங்களேன்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. வெள்ளி, சனி மட்டும், உழைப்பாளர் சிலையிலிருந்து கண்ணகி சிலை வரைக்கும், ராத்திரி பன்னிரண்டு மணி வரை திறந்து வையுங்கள். விளக்கு எரியட்டும், கழிப்பறையைப் பூட்டாதீர்கள், பெண்கள் அதற்காகத்தான் ஒன்பதுக்கே கிளம்பிவிடுகிறார்கள். பன்னிரண்டரைக்குத் திருவொற்றியூர் பக்கம் ஒரு பஸ், அடையாறு பக்கம் ஒரு பஸ். பறை அடிக்கிறவர்களுக்கும் கானா பாடுகிறவர்களுக்கும் ஒரு மூலை. மூங்கில் குடையும் நாற்காலியும் போட்டு அழகுபடுத்துவது நல்லதுதான், ஆனால் அந்த அழகுக்காகச் சுண்டல்காரரையும் மீன்காரரையும் ஓரம் கட்டிவிட்டால் உட்கார்ந்து என்ன சாப்பிடுவது?

மறுநாள் சாயங்காலம் அதே மீன் கடைக்குப் போய் முந்தின நாள் பாக்கியைக் கொடுத்தேன், ஓடிய அவசரத்தில் கொடுக்காமலே போய்விட்டோம். பத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் விட்டால் எவ்வளவு கூடுதலாக விற்கும் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "விக்கிறது இருக்கட்டும்ணா, மிச்ச மீனுக்கு வாங்குற ஐஸ் காசு மிஞ்சும்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரன்,
ராயபுரம், சென்னை